ஆகாய விமானமும் மின்சார மோட்டாரும்

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடந்த கூட்டங்களில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும், "சண்டை விமானத்துக்கும் திண்டிவனத்து நெல் மிஷினுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். விழுப்புரத்தில் ஒரு தோழர் மேடைக்கருகே வந்து கேட்டே விட்டார். சம்பந்தம் உண்டு என்று காட்டத்தான் நான் வந்திருக்கிறேன். நான் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவனல்ல. கிடைத்த புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களை நச்சரித்தும், பட்டறைகளில் நின்று பார்த்தும் அறிந்துகொண்டதைச் சொல்லுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். உங்கள் ஊர் ஐ.டி.ஐ. வாத்தியாரைக் கேளுங்கள், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரைக் கேளுங்கள், சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

முதலில், ஆகாய விமானம் எப்படித் திரும்புகிறது? இறக்கையின் பின் ஓரத்திலும் வாலிலும் கதவுப் பலகை போல மடங்குகிற பலகைகள் இருக்கின்றன. அவை மேலும் கீழும், இடமும் வலமும் அசைந்தால் காற்று விமானத்தை அந்தந்தப் பக்கம் தள்ளும். அவ்வளவுதான் சங்கதி. 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்தபோது கம்பியைக் கட்டி இழுத்து இறக்கையையே முறுக்கினார்கள். விமானம் சிறியது, வேகம் குறைவு, மனிதன் பலமே போதுமானதாயிருந்தது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. மணிக்கு 800, 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானத்தின் வால் பலகையைக் கையால் அசைக்கப் பத்து பயில்வான்கள் சேர்ந்தாலும் முடியாது. ஆகவே மனிதனுடைய கைக்கும் பலகைக்கும் நடுவில் வேறொரு பலம் வேண்டியதாயிற்று. அந்தப் பலத்தைக் கொடுக்கும் சாதனத்தைத்தான் இங்கிலீஷில் ஆக்சுவேட்டர் என்கிறார்கள். நாம் அசைக்கும் கருவி என்று வைத்துக்கொள்ளுவோம்.

மேனாட்டார் முதலில் பிடித்தது எண்ணெயின் பலத்தை. ஜே.சி.பி. மண் வாருவதைப் பார்க்கிறீர்களல்லவா? அதன் கையை மடக்குவதும் நீட்டுவதும் எண்ணெய் அழுத்தந்தான். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17-ம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார். அதே விதிதான் விமானத்திலும் வேலை செய்கிறது. எஞ்சினோடு சேர்ந்த பம்பு எண்ணெயைச் சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அழுத்தத்தில் தள்ளுகிறது. குழாய்கள் இறக்கைக்கும் வாலுக்கும் சக்கரத்துக்கும் அதைக் கொண்டுபோகின்றன. அங்கங்கே சிலிண்டர்கள் பலகையைத் தள்ளுகின்றன.

இதை நமது ஜில்லாக்காரர்களுக்கு விளக்கவேண்டுமானால் ஏரிப்பாசனத்தைச் சொன்னால் போதும். ஒரு ஏரி, ஒரு மதகு, அதிலிருந்து கிளை வாய்க்கால்கள், அவற்றின் கடைசியில் வயல்கள். தண்ணீர் தாராளமாய் இருக்கிறவரை எல்லா வயலும் பச்சைதான். கரை உடைந்துவிட்டால்? கடைமடைக்காரன் மட்டுமா கெடுகிறான்? தலைமடைக்காரனும் கெடுகிறான். விமானத்திலும் இந்த ஆபத்து தெரிந்துதான் ஒன்றுக்கு மூன்றாக, நான்காக, தனித்தனி எண்ணெய்த் தொகுதிகளை வைத்தார்கள். ஆனால் எல்லாக் குழாயும் வாலிலே ஒரே இடத்தில் நெருங்கிப் போகவேண்டியிருந்தது.

1985 ஆகஸ்டு 12-ல் ஜப்பானில் ஒரு பெரிய போயிங் விமானத்தின் பின்பக்கச் சுவர் வெடித்தது. ஏழு வருஷங்களுக்கு முன் சரியாகச் செய்யாமல் விட்ட ஒரு ரிப்பேர்தான் காரணம். நான்கு எண்ணெய்த் தொகுதிகளும் ஒரேயடியாக வற்றிப்போயின. இருந்தவர்கள் 524 பேர். மாண்டவர்கள் 520 பேர். 1989 ஜூலை 19-ல் அமெரிக்காவில் சியூக்ஸ் நகரத்தில் வேறொரு விமானம். வாலிலிருந்த எஞ்சினின் சக்கரம் சிதறி மூன்று தொகுதிகளின் குழாய்களையும் அறுத்துவிட்டது. விமானத்தில் ஒரு பலகையும் அசையவில்லை. ஹேன்ஸ் என்ற காப்டனும் அவரது சகாக்களும், பிரயாணியாக உட்கார்ந்திருந்த ஃபிட்ச் என்ற பயிற்சி விமானியும் சேர்ந்து, மீதியிருந்த இரண்டு எஞ்சின்களில் ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் குறைத்து, அந்த வித்தியாசத்தைக் கொண்டே சுமார் முக்கால் மணி நேரம் விமானத்தைத் திருப்பித் திருப்பித் தரைக்குக் கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். எந்த ஸ்தலத்து மகிமையாலும் அல்ல. விசையைக் கூட்டுவதும் குறைப்பதும் என்ன செய்யும் என்று அறிந்த நான்கு பேருடைய அறிவினால் பிழைத்தார்கள்.

சரி, ஏரி உடைந்தால் எல்லாம் போகிறதென்றால் விவசாயி என்ன செய்தான்? வயலுக்கு வயல் கிணறு வெட்டினான். ஏற்றமும் கவலையும் போய் எண்ணெய் எஞ்சின் வந்தது. எஞ்சின் போய் மின்சார மோட்டார் வந்தது. கம்பி வந்தால் போதும், தண்ணீர் அங்கேயே கிடைக்கிறது. விமானத்திலும் இதையேதான் செய்தார்கள். ஒவ்வொரு பலகைக்குப் பக்கத்திலும் ஒரு சிறு பெட்டி. பெட்டிக்குள் ஒரு மோட்டார், ஒரு பம்பு, சிறிதளவு எண்ணெய், ஒரு சிலிண்டர். விமானத்தின் நீளம் முழுவதும் எண்ணெய்க் குழாய் வேண்டாம். மின்சாரக் கம்பி போதும். கம்பியை இரண்டு மூன்று வழிகளில் தள்ளித் தள்ளிக் கொண்டுபோகலாம். ஒன்று அறுந்தால் மற்றொன்று இருக்கிறது. கசிவில்லை, பளுவும் குறைகிறது.

இங்கிலாந்தில் 1952-ல் முதன்முதல் பறந்த வல்கன் என்ற குண்டு வீசும் விமானத்திலே, மின்சாரத்தால் ஓடும் இப்படிப்பட்ட தனிப்பெட்டிகளைப் போல்ட்டன் பால் கம்பெனியார் வைத்தார்கள். பத்து வருஷம் கழித்து 1962-ல் பறந்த வி.சி.10 என்ற பிரயாணிகள் விமானத்தில் அதே கம்பெனியின் அதே வகைப் பெட்டிகள் ஏறின. பட்டாளத்துக்காகக் கண்டது குடிஜனங்களுக்கு வந்தது என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம். அப்படியிருந்தும் அந்த முறை உலகமெல்லாம் பரவவில்லை. அந்தக் காலத்து மோட்டார் தன் பலத்துக்குத் தகாத பளுவுள்ளது. அதை நொடிக்கு நொடி அடக்கி ஆளும் சாதனமும் போதாது.

தோழர்களே! அந்தக் குறை எங்கே தீர்ந்தது தெரியுமா? ஆகாயத்தில் அல்ல; தரையிலே, பட்டறையிலே தீர்ந்தது. இதை நீங்கள் கவனிக்கவேண்டும். 1952-ல் அமெரிக்க ஆகாயப்படையின் பணத்தில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், எண்களைத் துளையிட்ட காகித நாடாவைக் கொண்டு தானே வெட்டும் மில்லிங் யந்திரம் ஒன்றைச் செய்து காட்டினார்கள். விமானத்துக்கு வேண்டிய வளைந்த பாகங்களை வெட்டுவதற்காகச் செய்தது அது. இன்று சிறு ஊர்களின் பட்டறைகளில்கூட ஓடுகிற சி.என்.சி. யந்திரத்தின் பாட்டன் அதுதான். பிறகு ஜப்பானில் பானுக் கம்பெனியார் எண்ணெயும் மின்சாரமும் கலந்த மோட்டாரை வைத்து அப்படிப்பட்ட யந்திரங்களை ஓட்டிவந்தார்கள். 1973-ல் உலகத்தில் எண்ணெய்ப் பஞ்சம் வந்தது. 1974-ல் அவர்கள் தங்கள் பழைய மோட்டாரைத் தாங்களே தள்ளிவிட்டு முழு மின்சார மோட்டாருக்கு மாறினார்கள். 1980-களில் பிளாஸ்டிக் வார்க்கும் யந்திரங்களும் ஜப்பானில் எண்ணெயைவிட்டு மோட்டாருக்கு மாறத் தொடங்கின. 1988-ல் சுசுகிக் கம்பெனியார் தங்கள் சிறிய காரின் ஸ்டீயரிங்குக்கு எண்ணெய்ப் பம்புக்குப் பதிலாக ஒரு மோட்டாரை வைத்தார்கள். இன்று நமது ரோட்டில் போகும் காரில் ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்புகிறதே, அது அந்த வழியில் வந்ததுதான். அதே சமயத்தில் நியோடிமியம் கலந்த காந்தம் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. பலமோ அதிகம், பளுவோ குறைவு. மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி ஒட்டும் சிலிக்கன் வில்லைகளும் மலிவாயின.

ஆகவே பட்டாளம் பட்டறைக்குக் கொடுத்தது; பட்டறை அதை வளர்த்துத் திருப்பிக் கொடுத்தது. 1990-களில் அமெரிக்க நாசா ஒரு எஃப்.18 சண்டை விமானத்தின் இடது இறக்கையில் ஒரே ஒரு பலகைக்கு மட்டும் மின்சாரக் கருவி வைத்துப் பறந்து பார்த்தது. ஒரு பலகை கெட்டாலும் மற்றவை காப்பாற்றும் என்ற ஜாக்கிரதைதான். 2000-ல் ஒரு எஃப்.16 விமானத்தில் முக்கியமான பலகைகளையெல்லாம் மின்சாரத்துக்கு மாற்றிப் பறந்தார்கள். அந்த அனுபவத்தின்மேல் செய்யப்பட்ட எஃப்.35 சண்டை விமானம் 2006 டிசம்பரில் பறந்தது. ஆனால் அதற்கு முன்பாகவே, 2005 ஏப்ரல் 27-ல், ஐரோப்பாவின் ஏர்பஸ் ஏ.380 என்ற இரட்டை மாடிப் பிரயாணிகள் விமானம் பறந்துவிட்டது. அதிலே எண்ணெய்த் தொகுதி இரண்டு, மின்சாரத் தொகுதி இரண்டு. பிறகு அதே முறையை ஏ.400எம். என்ற பட்டாளச் சரக்கு விமானத்தில் வைத்தார்கள். முன்பு பட்டாளத்திலிருந்து குடிஜனத்துக்கு வந்தது இப்போது குடிஜனத்திடமிருந்து பட்டாளத்துக்குப் போகிறது. இதிலே யாருக்கு யார் கடன்பட்டவர் என்று கணக்குப் பார்த்தால் ஐந்தொகை எழுத முடியாது.

மின்சாரம் வந்தால் எல்லாம் சுகம் என்று நான் சொல்ல வரவில்லை. லாரி ரிப்பேர் செய்கிற தோழர்களுக்கு இரண்டு விதமான ஜாக்கி தெரியும். ஒன்று ஹைட்ராலிக் ஜாக்கி. மற்றொன்று திருகு ஜாக்கி. ஹைட்ராலிக் ஜாக்கி கெட்டால் எண்ணெய் இறங்கி மெள்ளத் தாழ்ந்துவிடும். திருகு ஜாக்கியில் மரை பிடித்துக்கொண்டால் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. மோட்டாரும் திருகும் மட்டும் உள்ள கருவிக்கும் இந்தச் சங்கடம் உண்டு. நடு ஆகாயத்தில் வால் பலகை ஒரு பக்கமாய்ச் சிக்கிக்கொண்டால் கதை முடிந்தது. அதனால்தான் முக்கியமான பலகைகளுக்கு மோட்டாரோடு சிறிது எண்ணெயும் கலந்த பெட்டியை வைக்கிறார்கள். கெட்டால் எண்ணெய் வழிவிட்டுக் கொடுக்கும், பக்கத்துக் கருவி வேலையைப் பார்க்கும். மற்றொரு சங்கடம் உஷ்ணம். நீளக் குழாயில் ஓடுகிற எண்ணெய் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். மூடிய பெட்டிக்குள் இருக்கும் மோட்டாரின் சூட்டை யார் எடுத்துப்போவது? சண்டை விமானத்தின் மெல்லிய இறக்கைக்குள் இது லேசான கேள்வியல்ல. பிரேக்கையும் மின்சாரத்துக்கு மாற்றிய போயிங் 787 விமானங்கள் 2013 ஜனவரியில், பாட்டரி தீப்பிடித்த காரணத்தால், ஏர் இந்தியாவினுடையவை உட்பட உலகமெங்கும் தரையில் நிறுத்தப்பட்டன.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வேறொன்று. மோட்டார் நல்ல வேலைக்காரன். ஏன் என்று கேட்காது. போயிங் 737 மாக்ஸ் விமானத்திலே, மூக்கு அதிகமாய் நிமிர்ந்தால் கம்ப்யூட்டர் தானாகவே வால் இறக்கையின் மோட்டாரை ஓட்டி மூக்கைத் தாழ்த்தும்படி ஓர் ஏற்பாடு செய்தார்கள். காற்றின் கோணத்தைச் சொல்லும் ஒரே ஒரு கருவியின் பேச்சை நம்பி அந்தக் கம்ப்யூட்டர் உத்தரவு போட்டது. அந்தக் கருவி தப்பாகச் சொன்னது. மோட்டார் திரும்பத் திரும்பக் கீழ்ப்படிந்தது. இப்படியொரு ஏற்பாடு இருப்பதை விமானிகளின் கைப்புத்தகத்திலும் எழுதவில்லை. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச்சில் எதியோப்பியாவில் 157 பேர், ஆக 346 பேர் மாண்டார்கள். மோட்டார் கெடவில்லை, திருகு கெடவில்லை. ஓட்டுகிறவனுக்குச் சொல்லாமல் உத்தரவு போடலாம் என்று மேலே இருந்தவர்கள் நினைத்ததுதான் கெட்டது. "உனக்கெதற்கு இந்த விஷயம், சொன்னதைச் செய்" என்று நாம் எத்தனை தலைமுறையாகக் கேட்டிருக்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள்.

நமது நாட்டுச் சங்கதிக்கு வருகிறேன். தேஜஸ் என்ற சண்டை விமானத்தைப் பெங்களூரில் செய்கிறார்கள். கோயமுத்தூருக்குப் பக்கத்தில் சூலூரில்தான் அதன் படைப்பிரிவுகள் வளர்ந்தன. அது தானாக நிலைத்து நிற்காத விமானம். கம்ப்யூட்டர் ஓயாமல் பலகைகளை அசைத்துக்கொண்டே இருந்தால்தான் நேராகப் பறக்கும். உத்தரவு மின்சாரத்தில் போகிறது; அசைக்கும் தசை இன்னும் எண்ணெய்தான். 1998 மே மாதத்தில் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தவுடன் அமெரிக்கா தடை போட்டது. விமானத்தை ஆளும் கம்ப்யூட்டர் வேலைக்காக அங்கே போயிருந்த நமது எஞ்சினீயர்கள் சாமான்களை விட்டுவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. திரும்பி வந்து இங்கேயே செய்து முடித்தார்கள். 2001 ஜனவரி 4-ல் விமானம் பறந்தது. 2024 ஏப்ரலில், இறக்கையின் முன் ஓரப் பலகைகளை அசைக்கும் கருவிகளையும், காற்றுத்தடைப் பலகைக்கான சாதனத்தையும் இந்த நாட்டிலேயே செய்து முதல் தவணையாகக் கொடுத்தார்கள். யார் செய்தது? விமான அபிவிருத்தி நிலையத்தார், ஐதராபாத்திலுள்ள இமாரத் ஆராய்ச்சிக்கூடம், அவர்களோடு பெங்களூரில் 1962-ல் தொடங்கிய மத்திய யந்திரக் கருவி நிலையம். இந்தக் கடைசிப் பெயரைக் கவனியுங்கள். லேத்தும் மில்லிங்கும் செம்மைப்படுத்துவதற்காக ஏற்பட்ட சாலை அது! கடைசல் பட்டறைக்காரன் கை வைத்தால்தான் விமானத்தின் பலகை அசைகிறது.

அப்படியிருக்க, 2019 அக்டோபர் 8-ல் பிரான்சு தேசத்தில் ரபேல் விமானத்தைப் பெற்றுக்கொள்ளப் போன நமது ராணுவ மந்திரி என்ன செய்தார்? விமானத்தின்மேல் ஓம் என்று எழுதினார், தேங்காய் வைத்தார், சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அந்த விமானத்தைச் செய்த பிரெஞ்சுத் தொழிலாளி அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பான்? அந்தச் சக்கரம் எத்தனை ஆயிரம் இறக்கங்களைத் தாங்கும் என்று அவன் சோதித்துக் கணக்கெழுதி வைத்திருக்கிறான். எலுமிச்சம்பழத்துக்கு ஒரு பக்கம் அந்தக் கணக்கில் இல்லை.

நமது தமிழ் நாட்டாருக்கு இது முடியாத வித்தையா? 1937-லேயே கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்த நாட்டின் முதல் மின்சார மோட்டாரைச் செய்தார்கள். ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தைச் சரியாக எட்டிப்பார்த்தவர்கூட அல்ல. அன்று தொடங்கிய மோட்டாரும் பம்பும் இன்று நமது ஜில்லாக் கிணறுகளில் ஓடுகின்றன. மோட்டாரும் பம்பும் சிலிண்டரும் ஒரு பெட்டிக்குள் என்று நான் சொன்னேனே, அதில் முதல் இரண்டும் தமிழனுக்கு எண்பது வருஷப் பழக்கம். ஆனால் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கும் விமான மோட்டாருக்கும் நடுவில் ஒரு பெரிய அகழி இருக்கிறது. நுட்பம், சோதனை, நம்பிக்கைக்குரிய எஃகு, கணக்கு. அதைத் தாண்டப் பாலம் யார் போடுவது? சர்க்கார் 2021-ல் 83 தேஜஸ் விமானங்களுக்குச் சுமார் 48,000 கோடி ரூபாய்க்கும், 2025 செப்டம்பரில் மேலும் 97-க்கு 62,000 கோடிக்கு மேலும் ஒப்பந்தம் செய்தார்கள். நெருப்புப்பெட்டி வாங்குகிறவன்கூட வரி கொடுக்கிறானே, அவன் பணமும் அதிலே இருக்கிறது. அந்தப் பணத்தில் கற்ற வித்தை ரகசியம் என்ற பெயரால் பீரோவுக்குள்ளே பூட்டிக்கிடக்காமல், கரும்பாலையின் வால்வுக்கும், பஸ்ஸின் பிரேக்குக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் வரவேண்டுமென்று கேட்க நமக்கு உரிமையில்லையா? குண்டு போடும் பாகத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும். மோட்டாரும் திருகும் எப்படிச் சிக்காமல் ஓடும் என்ற பாகத்தை ஏன் மூடவேண்டும்?

2019-ல் நமது ராஜ்யத்தில் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கினார்கள். அதன் ஐந்து ஊர்கள் சென்னை, கோயமுத்தூர், ஓசூர், சேலம், திருச்சி. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற ரோடும் ரயிலும் திண்டிவனம், விழுப்புரம் வழியாகத்தான் போகின்றன. தொழில் மட்டும் இங்கே இறங்காமல் தாண்டிப் போகிறது. இந்த ரயில் பாதையில் 1960-களிலேயே தாம்பரத்திலிருந்து விழுப்புரம்வரை மின்சார ரயில் வந்துவிட்டது. மோட்டாரைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் இந்த ஊரில் அன்றிலிருந்தே இருக்கின்றன.

கடைசியாக, விழுப்புரத்துக் கூட்டத்தில் சீட்டு எழுதிக் கொடுத்த ஒரு வாலிபர், "இந்த மோட்டாருக்குக் காந்தம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. உலகத்தில் பெரும் பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு வகை அரிய மண் உலோகங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. சண்டை விமானத்துக்கு வேண்டிய சமேரியமும், மோட்டார் சூடேறினாலும் காந்தம் பலம் குன்றாமலிருக்கச் சேர்க்கும் டிஸ்புரோசியமும் அதில் அடக்கம். அமெரிக்காவின் ஆயுதக் கம்பெனியும் நமது நாட்டின் மோட்டார் சைக்கிள் கம்பெனியும் ஒரே நாளில் ஒரே கவலைப்பட்டார்கள். இந்த உலோகங்களில் பலவற்றைக் கொண்ட மோனசைட் மணல் நமது கன்னியாகுமரி ஜில்லா மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருக்கிறது. சர்க்கார் கம்பெனி அங்கே வெகுகாலமாக மணலைப் பிரித்தெடுக்கிறது. சமேரியம் கோபால்ட் காந்தம் செய்ய ஒரு சிறு சாலையை 2023-ல் விசாகப்பட்டினத்தில் திறந்தார்கள். வருஷத்துக்கு மூவாயிரம் கிலோ அதன் அளவு. ஆனால் அதே மணலில் தோரியமும் இருக்கிறது, அது கதிர் வீசும். கிள்ளியூர் வட்டாரத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தை அங்குள்ள மீனவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். காந்தம் வேண்டும் என்பவர்கள், அந்த மீனவனுடைய வீட்டு வாசலில் கதிர்வீச்சு எவ்வளவு என்று அளந்து, அந்தக் கணக்கைத் தமிழில் எழுதி அவன் கையில் கொடுத்துவிட்டு, பிறகு மண்வெட்டியை எடுக்கட்டும் என்று அந்த வாலிபருக்குப் பதில் சொன்னேன். திண்டிவனத்துத் தோழர்களுக்கும் அதையே சொல்லி என் பேச்சை நிறுத்திக்கொள்ளுகிறேன். உங்கள் கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.